விடுவதற்கு எம்மிடம் என்ன இருக்கிறது?

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் இடம்பெயர்ந்த மக்கள் வாழும் குடியிருப்பு ஒன்றுக்கு நாங்கள் சென்றிருந்தோம். நான்கு பனங்குற்றிகளை நட்டு, மேலே தறப்பாள் கட்டிய கொட்டில்தான் அங்கே கோயில். அன்றைய வாசகம், யேசுவிடம் வந்த செல்வந்தனான இளைஞனைப் பற்றியது. உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தம் பின்னே வருமாறு யேசு அழைத்தபோது, அவன் முகம் வாடித் திரும்பிப் போனான் அல்லவா? அதை வைத்து, உலகப் பொருட்களின் மீது பற்று வைக்கலாகாது என்று நாங்கள் பேசினோம்.

பூசை முடிந்ததும் ஒரு தாய் எங்களிடம் வந்தார். தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"சுவாமி, நீங்கள் சொன்னது நல்ல விசயந்தான். ஆனால் ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது. பன்னிரண்டு பரப்புத் தோட்டம், கிணறு, மிசின், வீடு, ரெண்டு பசு, எல்லாம் போட்டுது. இனி விடுறதுக்கு எங்களிட்ட என்ன கிடக்கு?"

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். இந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல, இந்தப் பக்கங்களை வாசிக்கும் உங்களில் பலருடையதும் அதுவே என்பதை நாம் அறிவோம். ஆகவே அதனை இங்கே எடுத்துச் சிந்திப்போம்.

பறிக்கப்பட்டது வேறு, கொடுக்கப்பட்டது வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இழப்பு வேறு, துறவு வேறு.

1990ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களை விட்டு மக்கள் வெளியேறினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கில் வாழ்ந்த முஸ்லிம் மக்கள், தம் வீடு வாசல்களை விட்டுச் செல்லும்படி விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணமே இரவோடிரவாகத் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் கிராமம் கிராமமாகப் பெயர்ந்து, இறுதியில் கையில் ஒன்றுமே இல்லாமல் முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் கடந்தும் தம் சொந்தக் காணியில் கால் வைக்காத குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

இவர்களில் எவரும் எதையும் துறக்கவில்லை. இவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. எடுக்கப்பட்டதைப் பார்த்து, "இது கடவுள் உங்களுக்குக் கற்றுத்தந்த பற்றின்மை" என்று யாராவது சொன்னால் அது கிறிஸ்தவப் போதனை அல்ல. அப்படிச் சொல்வது, எடுத்தவருக்குத் துணை போவதாகவே முடியும்.

அரசர் முதல் நூலின் 21ஆம் அதிகாரத்திலே நாபோத் என்ற கமக்காரன் வருகிறான். அவனுடைய திராட்சைத் தோட்டம் அரண்மனைக்குப் பக்கத்தில் இருந்தது. அதை மரக்கறித் தோட்டமாக்க விரும்பிய ஆகாபு அரசன், வேறு நல்ல தோட்டமோ, அதற்கான விலையோ தருவதாகச் சொன்னான். முதுசக் காணியைத் தரமாட்டேன் என்று நாபோத் மறுத்தான். பொய்ச் சாட்சிகளை வைத்து அவனைக் கல்லால் எறிந்து கொன்றார்கள். காணி அரசன் கைக்குப் போயிற்று. அப்போது கடவுள் எலியா இறைவாக்கினரை யாரிடம் அனுப்பினார்? மண்ணின் மீது பற்று வைத்தாய் என்று நாபோத்தைக் குறை சொல்ல அல்ல, கொன்று அபகரித்தாய் என்று அரசனைக் கண்டிக்கவே அனுப்பினார்.

திருத்தூதர் பணிகள் நூலிலும் இதைக் காண்கிறோம். எருசலேமில் முதல் கிறிஸ்தவர்கள் காணி விற்ற பணத்தைத் திருத்தூதர் காலடியில் வைத்தார்கள். பர்னபாவும் அப்படிச் செய்தவரே. ஆனால் அனனியா பொய் சொன்னபோது பேதுரு அவனுக்கு நினைவூட்டியது என்ன? விற்கும் முன்னர் காணி உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பின்னரும் பணம் உன் உரிமையில்தானே இருந்தது என்பதே. கொடுக்கும்படி எவரும் கட்டாயப்படுத்தவில்லை. அவன் குற்றம் பொய் சொன்னதே. செல்வந்தனான இளைஞன் திரும்பிப் போனபோதும் யேசு அவனுடைய சொத்தைப் பறிக்கவில்லை. அவனை அன்போடு பார்த்து, போகவிட்டார்.

ஆகவே, பற்றின்மை என்பது சுதந்திரமான மனிதர் தம் மனத்தால் எடுக்கும் முடிவு. அதை இன்னொருவர் துவக்குமுனையிலோ சட்டத்தாளிலோ எம்மீது சுமத்த முடியாது. காணியைக் கேட்பது உலகப் பற்று அல்ல. அது நீதியைக் கேட்பதாகும்.

மண்வெட்டி கேட்ட துறவி

அப்படியானால் துறவு என்பது எது? ஒரு கமக்காரரின் கதையிலேயே அதைப் பார்ப்போம்.

கச்சதீவிலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் நாம் விழாக் கொண்டாடும் புனித அந்தோனியார், 1231இல் இறந்த பதுவைப் பதியர். அவருக்கு ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகள் முன்னே வாழ்ந்தவர் வனத்து அந்தோனியார். எகிப்து நாட்டில், ஏறத்தாழ 251ஆம் ஆண்டில், வசதியான விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவருடைய வரலாற்றை அலெக்சாந்திரியாவின் ஆயர் புனித அத்தனாசியார் எழுதி வைத்திருக்கிறார்.

பதினெட்டு, இருபது வயதளவில் அந்தோனியார் தாய் தந்தையை இழந்தார். ஒரு தங்கையும் முந்நூறு 'அரூரா' நல்ல விளைநிலமும் அவர் பொறுப்பில் வந்தன. எமது கணக்கில் அது சுமார் 200 ஏக்கர். ஒரு நாள் அவர் கோயிலுக்குப் போனபோது, நாம் மேலே சொன்ன அதே செல்வந்த இளைஞனின் நற்செய்தி வாசிக்கப்பட்டது. அந்த இளைஞன் செய்யாததை இந்த இளைஞன் செய்தார். காணியை ஊரவருக்குக் கொடுத்தார். தளபாடங்களை விற்று ஏழைகளுக்குப் பகிர்ந்தார். தங்கைக்கென்று கொஞ்சம் வைத்துக்கொண்டார். பின்னர் நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்ற நற்செய்தியைக் கேட்டு அதையும் கொடுத்தார். ஆனால் தங்கையைத் தெருவில் விடவில்லை. நம்பிக்கையான கன்னியர் சிலரிடம் ஒப்படைத்த பின்னரே தவ வாழ்வுக்குச் சென்றார்.

இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுவது வழக்கம். கமக்காரர்கள் கேட்க வேண்டிய பகுதி இதற்குப் பின்னர்தான் வருகிறது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் பாலைவனத்தின் உள்ளே ஒரு மலையடிவாரத்தில் குடியிருந்தார். அங்கே நல்ல தண்ணீரும் சில ஈச்சமரங்களும் இருந்தன. அன்பர்கள் வெகுதூரம் கஷ்டப்பட்டு நடந்து அவருக்கு அப்பம் கொண்டுவந்தார்கள். தன்னால் மற்றவர்களுக்குச் சிரமம் உண்டாவதை அவர் மனம் ஏற்கவில்லை. அடுத்த முறை வரும்போது மண்வெட்டியும் கோடரியும் கொஞ்சம் தானியமும் கொண்டுவாருங்கள் என்று கேட்டார். மலையைச் சுற்றிப் பார்த்துச் சிறு துண்டு நிலத்தைத் தெரிந்து, கொத்தி, தண்ணீர் விட்டு விதைத்தார். தன் அப்பத்துக்குத் தானே விளைவித்தார். பின்னர், களைத்து வரும் விருந்தினருக்கு உதவும் என்று மரக்கறியும் வைத்தார். தண்ணீர் தேடி வந்த காட்டு மிருகங்கள் பயிரை நாசம் செய்தன. எம்மைப் போலவே அவருக்கும் இந்தத் தொல்லை இருந்திருக்கிறது. அவர் ஒரு மிருகத்தை மெதுவாகப் பிடித்து, நான் உங்களுக்குத் தீங்கு செய்யாதிருக்க நீங்கள் ஏன் எனக்குச் செய்கிறீர்கள் என்று கேட்டு அனுப்பினாராம். அதன் பின் அவை வரவில்லை என்று அத்தனாசியார் எழுதுகிறார்.

200 ஏக்கரைக் கொடுத்தவர் கடைசியில் ஒரு மண்வெட்டி கேட்கிறார். பற்றை விட்டவர் மண்ணை விடவில்லை, உழைப்பை விடவில்லை, விருந்தினரை விடவில்லை. முன்னே இருந்த காணி அவர் பேருக்கும் வசதிக்கும் இருந்தது. பின்னே கொத்திய துண்டு, பிறருக்குச் சுமையாகாதிருக்கவும் பிறருக்கு உதவவும் இருந்தது. நிலத்தோடு அவருக்கிருந்த உறவு மாறியது. பற்றின்மை என்று திருச்சபை சொல்வது இந்த மாற்றத்தையே.

வெறுங்கையும் கட்டுண்டு கிடக்கலாம்

அந்தத் தாயின் கேள்விக்கு இப்போது திரும்புவோம். கையில் ஒன்றும் இல்லாதவருக்கு விடுவதற்கு ஏதும் உண்டா?

உண்டு என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் அது காணி அல்ல. இருக்கும் பொருள் மனிதரைக் கட்டுவதுபோல, இழந்த பொருளும் கட்டக்கூடும். குடியிருப்புகளில் நாங்கள் கண்ட சிலவற்றைச் சொல்கிறோம்.

ஒரு முதியவர் தம் வீட்டுத் திறப்பை அரைநாணில் கட்டி வைத்திருந்தார். அந்த வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை என்று பார்த்துவந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். அந்தத் திறப்பை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் கொட்டிலைச் சுற்றி ஒரு மிளகாய்க் கன்றுகூட இல்லை. "நாளைக்குப் போற இடத்தில ஏன் நடுவான்?" என்பார். அவர் அப்படிச் சொல்லத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒன்பது ஆண்டில் ஒரு தென்னை காய்த்திருக்கும்.

இன்னோரிடத்தில் இரண்டு சகோதரர்கள் பேசுவதில்லை. நிவாரணப் பட்டியலில் ஒருவர் பெயர் முதலில் வந்துவிட்டதே காரணம். ஊரில் இருந்தபோது ஒரே கிணற்றில் முறை வைத்து இறைத்தவர்கள் அவர்கள்.

மற்றொரு குடும்பம், ஊரில் தமக்கிருந்த மதிப்புக் குறையக் கூடாது என்று, மகளின் சாமத்திய வீட்டை வட்டிக்குக் கடன் வாங்கிக் கொண்டாடியது. பந்தலும் வீடியோவும் ஒரு நாளில் முடிந்தன. வட்டி முடியவில்லை. கூலிக்குப் போய் வரும் காசு வட்டிக்கே போய்க்கொண்டிருந்தது.

இவர்களை நாம் பழிக்கவில்லை. எம்மிடமும் இவை இருக்கின்றன. பழைய மதிப்பு, மற்றவருக்குக் கிடைத்ததைப் பார்த்து வரும் எரிச்சல், போனதை எண்ணி இன்றைய நாளை வீணாக்குதல் ஆகியவையும் உலகப் பொருட்களே. இவற்றைக் கள்ளர் கொண்டுபோவதில்லை. நாமாகத்தான் இறக்கி வைக்க வேண்டும்.

எரேமியாவின் கடிதமும் உறுதியும்

இடம்பெயர்ந்தவர்களுக்கென்றே எழுதியது போன்ற இரண்டு அதிகாரங்கள் எரேமியா நூலில் உள்ளன.

கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பலர் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இதோ திரும்பிவிடுவோம் என்று அங்கே சிலர் இறைவாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எரேமியா அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது 29ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் வைத்து அதன் பலனை உண்ணுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடித்து வையுங்கள், நீங்கள் இருக்கும் ஊரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்பதே அதன் கருத்து. திரும்புவீர்கள், ஆனால் நாட்செல்லும் என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

இதை மட்டும் வாசித்தால், ஊரை மறந்துவிடச் சொல்கிறாரோ என்று தோன்றும். 32ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பத்து ஆண்டுகள் கழித்து, பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்து நிற்கிறது. எரேமியா காவலில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய சிறிய தந்தையின் மகன் அனமேல் வந்து, அனத்தோத்து ஊரிலுள்ள காணியை வாங்கும்படி கேட்கிறான். எதிரியின் படை நிற்கும் இடத்தில் யார் காணி வாங்குவார்? எரேமியா வாங்கினார். பதினேழு செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். முத்திரையிட்ட உறுதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் நெடுநாள் பழுதாகாமல் இருக்கும்படி மண்சாடி ஒன்றில் வைக்கச் சொன்னார். இந்த நாட்டில் மறுபடியும் வீடும் வயலும் வாங்கப்படும் என்பதற்கு அது அடையாளம்.

ஒரே மனிதர்தான் இரண்டையும் செய்தார். இருக்குமிடத்தில் நடச் சொன்னார். ஊரில் உள்ள காணியின் உறுதியைச் சாடியில் பத்திரப்படுத்தினார். அந்தக் காணியில் அவர் என்றாவது ஒரு பிடி தானியம் விதைத்தாரா? விவிலியத்தில் அப்படி எதுவும் இல்லை. தமக்கென்று அல்ல, வரும் தலைமுறைக்கென்று வாங்கினார். உரிமையை விடாமலே பற்றை விடலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எமக்குத் தெரியவில்லை.

களஞ்சியமும் விதைநெல்லும்

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். பற்றில்லாமல் இருப்பதென்றால் சேமிக்கக் கூடாதா? விதைநெல் வைக்கக் கூடாதா?

பாலைவனத்தில் இஸ்ரயேல் மக்களுக்கு மன்னா கிடைத்தபோது, ஆளுக்கு ஒரு 'ஓமர்', ஏறத்தாழ 2 லீற்றர், எடுக்கச் சொல்லப்பட்டது. மறுநாளைக்கென்று பதுக்கியவர்களின் மன்னா புழுத்து நாறியது. ஆனால் ஆறாம் நாளில் மட்டும் இரண்டு பங்கு எடுக்கலாம், அது கெடவில்லை. ஓய்வுநாளுக்காக அது தேவைப்பட்டது. யோசேப்பு எகிப்தில் ஏழு நல்ல ஆண்டுகளிலும் விளைச்சலில் ஐந்திலொரு பங்கைச் சேர்த்துவைத்தார். பஞ்சத்தில் அது பல நாடுகளின் உயிரைக் காத்தது. லூக்கா நற்செய்தி 12ஆம் அதிகாரத்திலே வரும் செல்வனோ களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தான். அவன் பேச்சைக் கவனியுங்கள். என் விளைச்சல், என் களஞ்சியம், என் பொருள் என்று தன்னோடு மட்டுமே பேசுகிறான். அந்த நல்ல விளைச்சலில் கூலியாளோ அயலவனோ அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆகவே காலபோகத்துக்கு வைக்கும் விதைநெல் பேராசை அல்ல. அயலவன் விதையில்லாமல் நிற்கும்போதும் அவிழாத மூட்டைதான் பேராசை.

எதை இறுக்குவது, எதைத் தளர்த்துவது

1670இல் ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியே போய், பின்னர் மருதமடுவில் சேர்ந்தார்கள் என்று எமது மூதாதையர் சொல்லிவந்திருக்கிறார்கள். அதே சொரூபம் 2008 ஏப்ரலில் போரின் நடுவே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, அவ்வாண்டு ஓகஸ்டில் திரும்பிவந்தது. எதை விட்டுச் செல்வது, எதைத் தூக்கிச் செல்வது என்பதை எம் மக்கள் முன்பும் தீர்மானித்திருக்கிறார்கள். இன்று நாம் தீர்மானிக்க வேண்டியவற்றில் சில:

காணி உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் இறுகப் பிடியுங்கள். எரேமியாவின் சாடியைப் போல, நீர் புகாத உறையில் வையுங்கள். பிரதி ஒன்றை நம்பிக்கையான வேறொருவரிடம் கொடுங்கள். உறுதி தொலைந்திருந்தாலும் காணி தொலைந்துவிடவில்லை. நொத்தாரிசு முடித்த உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்வது சட்டம். அங்கே அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம். அரச காணி அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

பிள்ளைகளின் படிப்பை இறுகப் பிடியுங்கள். விதையை இறுகப் பிடியுங்கள்; அதைப் பகிரவும் செய்யுங்கள்.

இரவல் காணி என்று சும்மா விடுவதைத் தளர்த்துங்கள். மூன்று மாதத்தில் காய்க்கும் பயிருக்கு இரவல், சொந்தம் என்பது இல்லை. ஆனால் காணிக்காரரிடம் முன்கூட்டியே பேசி, நிலையான மரம் நடுவதானால் அனுமதி கேளுங்கள். கடன் பட்டுச் செய்யும் கொண்டாட்டத்தைத் தளர்த்துங்கள். பட்டியலில் யார் முதலில் என்ற மனத்தாங்கலையும் தளர்த்துங்கள்.

மறுபடியும் அந்தத் தாயிடம்

மாரி தொடங்கிய பின்னர் நாங்கள் அதே குடியிருப்புக்குப் போனோம். அந்தத் தாயின் கொட்டிலுக்குப் பின்னால் முருங்கைத் தடிகள் துளிர்த்திருந்தன. ஒரு பாத்தி கத்தரி நாற்றும் இருந்தது. பாதியை அடுத்த கொட்டிலில் புதிதாக வந்த குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"எங்கட காணி இல்லைத்தான் சுவாமி. ஆனால் சும்மா இருந்தால் விசர் பிடிக்குது" என்றார். பிறகு, "எங்கட பக்கம் விடுற கதை ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். எப்போது போனாலும் அவர் கேட்கும் கேள்வி அது.

புதிதாக ஒன்றும் தெரியாது என்று சொன்னோம். கேட்பதை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னோம். தவக்காலத்தில் அவர் எம்மிடம் கேட்டதற்கு எம்மிடம் வார்த்தை இருக்கவில்லை. அவர் செய்துகாட்டியிருந்தார். உறுதி பெட்டிக்குள் இருந்தது. நாற்று அயலவர் பாத்தியில் இருந்தது.

குழுவாகக் கலந்துரையாட

1. எம்மிடமிருந்து பறிக்கப்பட்டவை எவை? நாமாகவே விரும்பிக் கொடுத்தவை எவை?

2. இருக்கும் இடத்தில் நாம் நடாமல் விட்டிருப்பது என்ன? ஏன்?

3. எமது காணிப் பத்திரங்கள் இப்போது எங்கே இருக்கின்றன? பத்திரம் இல்லாத குடும்பங்களுக்குக் குழுவாக எப்படி உதவலாம்?

4. எமது அயலில், எம்மைவிடப் பிந்தி வந்தவர் யார்? அவருக்கு இந்தப் போகத்தில் எதைக் கொடுக்க எம்மால் முடியும்?